வீக்கம் வற்றிய கண்

"வீக்கம் நல்லா வத்திருச்சும்மா" என்றாள் டாக்டர் சுபாஜினி, திரையில் தெரிந்த படத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டி. விமலாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்தப் பால் முழுதாக இறங்குவதற்குள் டாக்டர் அடுத்ததையும் சொல்லிவிட்டாள். "ஆனா வலது கண்ணுல பார்வை இதுக்கு மேல பெருசா வராது."

வற்றிவிட்டது என்றால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? கால் வீங்கி வற்றினால் நடக்கிறோம். கண் மட்டும் என்ன பாவம் செய்தது? விமலா கோப்பெங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். கணவன் போன பிறகு அடுப்பு எரிந்தது அந்த வேனால்தான். ரோட்டுக் கோடு வளைந்து வளைந்து தெரியத் தொடங்கியதும் வேனைக் கூலிக்கு ஒருவனிடம் விட்டுவிட்டு, கண்ணில் போடுகிற ஊசி எல்லாம் முடிந்ததும் நானே ஓட்டுவேன் என்று வேனில் வரும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"அப்ப ஏன் டாக்டர் தெரிய மாட்டேங்குது?"

"வீக்கம் நாள்பட்டு நின்னா உள்ள இருக்கிற நரம்பு செத்துரும்மா. செத்தது திரும்ப வராது. இனிப்பு நீர் வியாதியும் பிரஷரும் கட்டுப்பாட்டுல இல்லைன்னாலும் கஷ்டம்தான். ஆனா உங்களுக்கு முக்கியமா, ஆரம்பத்துல ஊசி போட்டுட்டு நடுவுல நிறுத்தினீங்க பாருங்க, அந்த இடைவெளி. அப்ப தொடர்ந்து வந்திருந்தா வேன் ஓட்டலாம்னு சொல்லியிருப்பேன்."

ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விமலா அண்ணனைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.

அண்ணன் தேவன் சாதாரண ஆள் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டித் தோட்டத்தை வீடுகளாக்கிய பிறகும் அசையாமல் நிற்கிற முருகன் கோயிலில் காவடிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். தைப்பூசத்தில் அலகு குத்துவதும் அவரே. அவர் கை பட்டால் ஒரு சொட்டு ரத்தம் வராது என்பார்கள். அவருக்கும் இனிப்பு நீர்தான், கண்ணும் மங்கியிருந்தது. பிறகு ஒருநாள், கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தபோது, "ஆஸ்பத்திரிப் பக்கமே போகல, அவன் காலைப் புடிச்சேன், கண்ணைக் குடுத்துட்டான்" என்று தழுதழுத்தார். விமலா உட்பட அங்கிருந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள்.

அதனால்தான் ஊசி நாள் பால்குட விரதத்துக்குள் வந்தபோது அவரிடம் போய்க் கேட்டாள். "விரதத்துல கண்ணுல ஊசி குத்திக்கிட்டா பால்குடம் தூக்குவ? நம்பிக்கை இல்லைன்னா தூக்காத லா" என்றார். விரதம் முடிந்தும், "அவசரப்படாத, பொறுத்துப் பாரு" என்றார். பொறுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்தபோதே பார்வை போயிற்று.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவள், சொட்டு மருந்தின் கூச்சம் அடங்கட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். நெற்றியில், ஊசி போடவேண்டிய கண்ணுக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று வரிசையாக இருந்தார்கள்.

"தேவன் சின்னையா!" என்று அப்பா பெயரோடு சேர்த்துத் தாதி ஒருத்தி கூப்பிட்டாள்.

"இருக்கேன் மிஸ்ஸி."

'வேல் வேல்' என்று மலையேறும் கூட்டத்தையே இழுத்துப் போகிற குரல். விமலா திரும்பவில்லை.

"இந்த அங்கிள் மாதிரி இருக்கணும்" என்றாள் தாதி, பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம். "ஒரு ஊசி விட்டதில்ல. தைப்பூசத்துக்கு முந்தின வாரம்கூட, விரதம்னு சொல்லிக்கிட்டே வந்து போட்டுக்கிட்டாரு. இப்ப போர்டுல கடைசி வரி வரைக்கும் படிக்கிறாரு."

விமலா எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். தேவனின் கை தானாக நெற்றிப் பிளாஸ்திரியை மறைத்தது.

"விரதத்துல வந்தீங்களா அண்ணே?"

அவர் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கோயில்ல சொல்லிறாத லா விமலா. அத்தனை பேரு என்னை நம்பி இருக்காங்க."

"நானும் நம்பித்தானே அண்ணே இருந்தேன்."

உன் கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று அப்போதும் காத்திருந்தாள். அந்த எதிர்பார்ப்புக்காகத் தன் மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது. முருகன் மேல் கோபமே வரவில்லை. அவன் எங்கே ஊசியை நிறுத்தச் சொன்னான்?

"அங்கிள், கழுத்துல இருக்கிறதைக் கழட்டுங்க. கூட யாரு வந்திருக்கா?"

"என் தங்கச்சி" என்றார் தேவன், கொஞ்சமும் தயங்காமல்.

தாதி அவருடைய கண்ணாடியையும் உருத்திராட்ச மாலையையும் வாங்கி விமலாவின் கையில் வைத்தாள். "ஊசி போட்டதும் மங்கலா இருக்கும் அக்கா. கையைப் புடிச்சுப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க." செருப்பை வாசலில் விட்டுவிட்டு அண்ணன் உள்ளே போனார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை எங்கேயும் போய்விட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

மாலை மணிகளில் அவர் கழுத்துச் சூடு இன்னும் இருந்தது. ஊரில் பெண்கள் யாரும் தொடத் துணியாத மாலை. விமலா இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் உள்ளங்கையைப் பார்த்தாள். ஓரத்தில் நாலைந்து மணிகள் தெரிந்தன. நடுவில் மாலையும் இல்லை, கையும் இல்லை.