ஓடத் தெரியாத இந்தியக் குடிமகள்

1

இந்தக் கதை என் மனத்திலிருந்து பிறந்ததல்ல. ஒரு பத்திரிகை ஆசிரியரின் தொலைபேசி அழைப்பிலிருந்து பிறந்தது. "அகதிகள் சிறப்பிதழ் போடறோம். உங்க வீட்டுப் பின்போர்ஷன்ல சிலோன் குடும்பம் இருந்துச்சுன்னு சொல்வீங்களே, அதை எழுதுங்க. கடல், படகு, கண்ணீர் எல்லாம் வரட்டும்" என்றார். நாங்கள் குடியிருந்தது காட்டுப்பாக்கம், கடலுக்கும் எங்களுக்கும் நடுவே மொத்த மெட்ராசும் கிடக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

முதல் தொடக்கம்:

"இருண்ட கடலில் அந்தப் படகு தள்ளாடியபோது..."

வேண்டாம். அந்தப் படகில் நான் இல்லை. கதாநாயகிகள் இருவரும்கூட இல்லை. அப்போது அவர்கள் பிறக்கவேயில்லை.

இரண்டாவது தொடக்கம்:

"வதனியின் சிவந்த கண்களில் ஒரு தேசத்தின் சோகம்..."

வதனியின் கண்கள் சிவந்திருந்தது உண்மை. காரணம் மெட்ராஸ் ஐ. அந்த மாதம் தெருவுக்கே வந்திருந்தது.

2

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

குணசிங்கமும் அவர் மனைவி யோகமலரும் எண்பத்து நான்கில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். முகாமுக்குப் போகாமல், காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு, வீட்டுக்காரி ஜெகதாம்பாளின் பின்போர்ஷனுக்குக் குடிவந்தார்கள். முன்போர்ஷனில் நான். குணசிங்கத்துக்குப் பூந்தமல்லியில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்தது. இரண்டு பெண்கள் பிறந்தார்கள்: எண்பத்தாறில் வதனி, எண்பத்தெட்டின் தொடக்கத்தில் துஷ்யந்தி. இரண்டுமே பூந்தமல்லி ஆஸ்பத்திரியில்தான்.

அந்தப் பெண்கள் வீட்டுக்குள் யாழ்ப்பாணம் பேசுவார்கள். வாசற்படி தாண்டியதும் காட்டுப்பாக்கம். "அம்மா, சோறு போடுங்கோ" என்று உள்ளே கெஞ்சிய துஷி, அடுத்த நொடி தெருவில் நின்று "இன்னாடி மொறைக்கிறே?" என்று எவளையாவது மிரட்டிக்கொண்டிருப்பாள்.

[பக்கக் குறிப்பு: கதைக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. எண்பத்தேழு ஜூலை முதல் தேதிக்கு முன்னால் இந்த நாட்டில் பிறந்த குழந்தை, பெற்றோர் எந்த நாட்டவரானாலும், இந்தியப் பிரஜை. அதற்குப் பின் பிறந்தால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இதை உரையாடலுக்குள் நாசூக்காக நுழைக்கப் பார்த்தேன். பாத்திரங்கள் எல்லாம் வக்கீல் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் இங்கே கொட்டிவிட்டேன். தாண்டிக் குதித்தவர்கள் திரும்பி வந்து படித்துவிட்டுப் போகவும்.]

3

துஷி ஓடுவாள். எப்படி ஓடுவாள் என்பதற்கு மான், காற்று, அம்பு என்று உவமைகள் எழுதி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் ஓடும்போது தெருநாய்கள் துரத்தத் தொடங்கி, பாதியில் விட்டுவிடும். அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பதில், பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை பூங்காவனம் டீச்சர் வீட்டுக்கே வந்தார். ஒரு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. துஷிக்கு நிச்சயம் இடம் கிடைக்கும். "ஆனா இந்தியப் பிரஜையா இருக்கணுமாம்" என்று இழுத்தார்.

ஜெகதாம்பாள் தனக்குத் தெரிந்த வக்கீல் வீரராகவனை அழைத்துவந்தாள். அவர் இரண்டு பெண்களும் பிறந்த தேதியைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரியவ இந்தியப் பிரஜை. சின்னவ இல்லை."

யோகமலருக்குப் புரியவில்லை. "என்ன கதைக்கிறியள்? ரெண்டும் இந்த வயித்துக்குள்ளதானே கிடந்தது?"

"வயிறு கணக்கில்லைம்மா. தேதிதான் கணக்கு."

"இன்னா சார் சட்டம்?" என்று ஜெகதாம்பாள் குரலை உயர்த்தினாள். "ஒரே குண்டான்ல சோறு துண்ற புள்ளைங்க. ஒண்ணு இந்தியா, இன்னொண்ணு சிலோனா?"

"சிலோன்லயும் இவ பொறந்ததைப் பதியலை. இப்போதைக்கு எங்கேயும் இல்லை."

துஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானு பாரிஸ் கார்னரையே பாத்ததில்ல. என்னப் போயி சிலோனுன்றாரு!"

வதனி சிரிக்கவில்லை. அவளுக்கு ஓட்டம் வராது. படிப்பும் சுமார். பதின்மூன்று வயதில் முதல் தடவையாக அவளிடம் இருக்கும் ஏதோ ஒன்று தங்கையிடம் இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

வக்கீல் போனபின் ஜெகதாம்பாள் யோசனை சொன்னாள். "பெரியவ பேர்ல சின்னவள அனுப்பு. ரெண்டும் ஒரே மூஞ்சிதானே? எவன் கண்டுபுடிப்பான்?"

கூடவே இருந்த பூங்காவனம் டீச்சர் வாசல் தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முடிவு சொன்னவர் குணசிங்கம். "ஒரு பிள்ளையெண்டாலும் நல்லா வரட்டும்."

4

இந்த இடத்தில் நான் எழுதியிருந்த வரி இது:

"என் பெயரை நீ எடுத்துக்கொள், தங்கையே" என்று வதனி அவளை அணைத்துக்கொண்ட—

அருமையான வரி. ஆசிரியர் விழுந்து புரண்டு அழுதிருப்பார். ஆனால் வதனி உண்மையில் கேட்டது வேறு.

"அப்ப நான் ஆர்?"

"நீ துஷியா இருந்துட்டுப் போ. இன்னா இப்போ?" என்றாள் ஜெகதாம்பாள்.

அதாவது, எங்கேயும் இல்லாதவளாக. வதனிக்கு அது உடனே விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கும் விளங்கியது. ஆனாலும் விண்ணப்பத்தில் அவள் பெயரையே எழுதினார்கள்.

5

விடுதிக்கு ஆள் எடுக்கும் நாள், ஆவடி மைதானம். குணசிங்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன். யோகமலர், டீச்சர், துஷி. வதனியை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"கு. வதனி!" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது.

துஷி தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்திருப்பதற்குள் வதனி நடக்கத் தொடங்கியிருந்தாள். வெறுங்கால். பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். கோட்டில் போய் நின்றாள்.

"பேரு?"

"வதனி."

அன்று அந்த மைதானத்தில் எங்கள் கூட்டத்தில் உண்மை சொன்ன ஒரே ஆள் அவள்தான். டீச்சர் கத்துவதற்கு வாய் திறந்தார். என்னவென்று கத்துவது? அது வதனி இல்லை என்றா?

விசில் ஊதினார்கள். வதனி ஓடினாள். அதை ஓட்டம் என்று சொன்னால் துஷி கோபித்துக்கொள்வாள். கைகள் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம். மற்றவர்கள் முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதும் ஓடினாள். அடுத்த வரிசை வந்து நின்றபோதும் ஓடினாள். ஆனால் நிற்கவில்லை, முடித்தாள்.

"எதுக்கும்மா நீயெல்லாம் வந்தே?" என்றார் அதிகாரி.

"எம் பேரைக் கூப்ட்டீங்க. வந்தேன்."

துஷி பாய்ந்து போய் அவள் சடையைப் பிடித்தாள். இரண்டும் புழுதியில் உருண்டன. யோகமலர் பிரித்துவிட்டு, எவளை அடிப்பது என்று தெரியாமல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

விடுதியில் இடம் வேறொரு பெண்ணுக்குக் கிடைத்தது. அவளும் நன்றாகத்தான் ஓடினாள்.

6

முடிவுகள்.

(அ) வதனி மன்னிப்புக் கேட்கிறாள். கேட்கவில்லை.

(ஆ) ஒரு நல்ல அதிகாரி வந்து துஷிக்குக் குடியுரிமை... நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள். இந்தக் கதைக்குள் யாரும் வரவில்லை.

(இ) நடந்தது. பல வாரம் பேசாமலிருந்த துஷி ஒருநாள் அடிபம்பு அருகே அக்காவிடம் கேட்டாள். முன்போர்ஷன் ஜன்னலில் எனக்குக் கேட்டது.

"ஏண்டி அப்டி செஞ்சே?"

"உனக்குக் காலு கீது. எனக்குப் பேரு மட்டுந்தான் கீது."

"எனக்கு அதுவும் இல்லியேடி."

வதனி பம்பு அடிப்பதை நிறுத்தினாள். மறுபடி அடித்தாள். குடம் நிறைந்ததும் துஷி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா, சோறு ஆறுது" என்று முன்னால் நடந்தாள்.

அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அது முடிவு இல்லை என்று எனக்கும் தெரியும். ஒருத்தி தன் பேரை வைத்துக்கொண்டது குற்றமா? இன்னொருத்தி ஓட நினைத்தது குற்றமா? நான் எழுதிப் பார்த்த முடிவுகள் எல்லாவற்றிலும் யாராவது ஒருத்தி ஏமாந்துபோகிறாள்.

இனி உங்கள் பாடு. எழுதிக்கொள்ளுங்கள். துஷியை ஜெயிக்க வையுங்கள், வதனியைப் பெருந்தன்மை உள்ளவளாக்குங்கள், வேண்டுமானால் கடலைக்கூடக் காட்டுப்பாக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறந்த தேதியில் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் கை வைக்க முடிந்திருந்தால் நானே வைத்திருப்பேன். எழுத இந்தக் கதையும் இருந்திருக்காது.