முப்பத்தொன்றாம் அட்டை

மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த வெர்னா கெஸ்லர், பதினான்காம் கேள்விக்கு வந்ததும் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வகுப்பில் ஏழு பிள்ளைகள். வந்திருந்தது ஆறு தாள்கள். ஆறிலும் அந்தக் கேள்விக்குச் சரியான விடை. வழக்கமாக அதில் பாதிப் பேர் சறுக்குவார்கள். இந்த வருடம் ஒருவரும் சறுக்கவில்லை. கிடியன் ஹாஃப் மட்டும் விடைக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், ஒரு புல்வெட்டும் இயந்திரத்தை வரைந்து வைத்திருந்தான். நன்றாகவே வரைந்திருந்தான். இழுத்துக் கிளப்புகிற கயிறுகூட இருந்தது.

பிள்ளைகள் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. சர்ச்சின் அடித்தளத்து அறையில் மடக்கு நாற்காலிகள் அப்படியே கிடந்தன. அதில் ஏழாவது நாற்காலி ஷிலோ பிராதருடையது. இரண்டு செவ்வாய்க்கிழமைகளாக அது காலி. இன்று காலை சர்ச் அலுவலகத்தில் வெர்னாவின் பெயருக்கு ஓர் உறை வந்திருந்தது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. ஒரே ஓர் அட்டை இருந்தது. எண் முப்பத்தொன்று.

டில்லர்ஸ் ஃபோர்ட் என்ற அந்த ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் இருபதுக்கு மேல். வீட்டில் சொல்லித்தர முடியாததைச் சொல்லித்தர, அந்தந்தப் பாடம் தெரிந்த தாய்மார்கள் செவ்வாய்தோறும் சர்ச்சில் கூடுவார்கள். வெர்னாவின் பங்கு சமூகவியல். கல்லூரி வகுப்பில் உட்காராமலேயே அந்தப் பாடத்தை முடித்த கணக்கில் சேர்த்துக்கொள்ள ஒரு தேர்வு உண்டு. கணினி முன்னால் ஒன்றரை மணி நேரம், நூறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தன் இரண்டு பிள்ளைகளையும் அப்படித் தேற வைத்தவள் வெர்னா. ஊரில் அதற்கு ஒரு பேர் உண்டு. வெர்னாவிடம் விட்டால் பிள்ளை தேறிவிடும் என்பார்கள். அந்தப் பேச்சு தன் காதில் விழும்படி நின்று கேட்பதில் அவளுக்கு ஒரு ருசி, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் முறை எளிமையானது. புத்தகத்தில் இருக்கும் கலைச்சொல் பிள்ளைகள் மண்டையில் தங்காது. ஊர்க்காரர் ஒருவர்மேல் ஏற்றிவிட்டால் தங்கும். ஒரே ஆள்மேல் இரண்டு பொறுப்புகள் மோதுவதற்கு உதாரணம், கால்பந்துப் பயிற்சியாளராகவும் இருக்கிற பாதிரியார். ஊரெல்லாம் ஆள் தெரிந்து வைத்திருப்பதே சொத்து என்பதற்கு மிசஸ் லஸ்க். பெயரை மட்டும் வெர்னா வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். 'ஒரு அம்மா இருக்காங்க, அவங்க போன் பண்ணினா தீயணைப்பு வண்டிகூட கேக் எடுத்துட்டு வரும்' என்பாள். பிள்ளைகள் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். சிரித்தது மறக்காது.

முப்பத்தொன்றாம் அட்டை 'முதன்மை அடையாளம்'; பதினான்காம் கேள்வி கேட்டதும் அதையே. ஒரு மனிதனுக்கு எத்தனையோ அடையாளங்கள் இருந்தாலும், மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பது எதுவோ, அது. 'ஒருத்தர் இருக்காரு. சர்ச் பாட்டுக்குழுவுல அவரு குரல்தான் அடிக்குரல். கைபட்டா எந்த மிஷினும் ஓடும். நல்ல அப்பா. ஆனா அவரப் பத்திக் கேட்டா ஊர் முதல்ல என்ன சொல்லும்? ஜெயிலுக்குப் போனவரு.' அன்று ஷிலோ பல் பிடுங்கப் போயிருந்தாள். அவள் இல்லாததைப் பார்த்துத்தான் வெர்னா அந்த உதாரணத்தை எடுத்தாள். நினைத்து நினைத்துப் பார்த்தும் அதை வேறு மாதிரி சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"டுவெயின்" என்றான் கிடியன், கையைக்கூடத் தூக்காமல்.

வகுப்பு சிரித்தது. "நான் யார் பேரையும் சொல்லலையே" என்று சொல்லி வெர்னாவும் சிரித்தாள்.

ஷிலோவின் அப்பா டுவெயின் பிராதர் தீவன ஆலையில் மூட்டை தூக்கி முதுகை முறித்துக்கொண்டவன். வலி மாத்திரை அவனைப் பிடித்துக்கொண்டது. மருத்துவர் சீட்டைப் போலியாக எழுதி மாட்டிக்கொண்டு பதினான்கு மாதம் உள்ளே இருந்தான். அது நடந்து ஆறு வருடம். இப்போது வீட்டுக் கொட்டகையில் புல்வெட்டிகளைப் பழுது பார்க்கிறான். போன ஏப்ரலில் வெர்னாவின் புல்வெட்டியையும் அவன்தான் பார்த்தான். கேட்காமலே வாசல் வேலிக் கதவின் கீலையும் சரிசெய்துவிட்டுப் போனான்.

உதாரணம் யார் என்று தனக்கே மறந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் வெர்னா பென்சிலில் பெயர் குறித்து வைப்பாள். பிள்ளைகளுக்கு நகல் எடுக்கும்போது அது விழாது. சர்ச் அலுவலக இயந்திரம் அச்செழுத்தையே ஆவி மாதிரித்தான் காட்டும். பென்சிலை எங்கே காட்டப் போகிறது? ஆனால் அந்த வாரம் யாரோ அதற்குப் புது மை போட்டுவிட்டார்கள். ஏழு கட்டுகள், ஒவ்வொன்றிலும் அறுபது அட்டைகள், எல்லா மூலையிலும் பெயர்கள் பளிச்சென்று விழுந்தன. கட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு விநியோகித்தபோது வெர்னா மேலே இருந்த அட்டையை மட்டும்தான் பார்த்தாள். அது தலைப்பு அட்டை, அதில் பெயர் இல்லை.

ஷிலோவின் கட்டிலும் முப்பத்தொன்றாம் அட்டை இருந்தது. மூலையில் 'டுவெயின் பி.'

தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள். மற்ற பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வு ஒரு வசதி. ஷிலோவுக்கு அப்படி இல்லை. ஆகஸ்டில் நர்ஸ் படிப்பில் சேர அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, சமூகவியலை முன்னாலேயே முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்கு.

மறுநாள் மாலை வெர்னா கோழியும் நூடுல்ஸும் சேர்த்து ஓவனில் சுட்ட பதார்த்தம் ஒன்றைச் செய்து, அலுமினியத் தாள் மூடி எடுத்துக்கொண்டு பிராதர் வீட்டுக்குப் போனாள். அந்த ஊரில் பிறப்புக்கும் இறப்புக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஒரே பதார்த்தம்தான். மன்னிப்புக்கு எது கொண்டுபோவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டுவெயின் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "என்ன மிஸ் வெர்னா, எங்க வீட்ல யாராவது செத்துட்டாங்களா? எனக்கு யாரும் சொல்லலையே."

"இல்ல டுவெயின். ஷிலோ ரெண்டு வாரமா வரல. அதான்."

"காய்ச்சல்னு படுத்துட்டா. எந்திரிச்சதும் வகுப்பு வேணாங்கிறா, தானே படிச்சுக்கிறேங்கிறா. பதினாறு வயசு. நான் என்னத்தச் சொல்ல?" பாத்திரத்தை வாங்கிக்கொண்டான். "ஆனா படிக்கிறா. அதுல குறையில்ல. சாப்பிட்டதும் உங்க அட்டைய எடுத்துட்டு உக்காந்துருவோம். நான் கேள்வி கேப்பேன், அவ பதில் சொல்லுவா. எனக்கே பாதி மனப்பாடம் ஆயிருச்சுன்னா பாருங்க. நான் பத்தாவதே தாண்டல."

அட்டைகளை இந்த மனிதனும் கையில் பிடிப்பான் என்று வெர்னா ஒருநாளும் நினைத்ததில்லை.

"மூலைல பேரு போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் வேடிக்கை. மிசஸ் லஸ்க் பேரப் பார்த்துட்டு எனக்குச் சிரிப்புத் தாங்கல." அவன் இப்போதும் சிரித்தான். "ஒண்ணே ஒண்ணுதான். முப்பதுக்கு அப்புறம் முப்பத்திரெண்டு வருது. நடுவுல ஒண்ணக் காணோம். வீடு பூராத் தேடிட்டேன். உங்ககிட்ட இன்னொண்ணு இருக்குமா? அந்த ஒரு கேள்வில பிள்ள விட்டுரக் கூடாது."

அது அவள் தோளில் தொங்கிய கைப்பைக்குள் இருந்தது. "பார்க்கிறேன்" என்றாள் வெர்னா. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

ஷிலோ வீட்டுக்குப் பின்னால் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வெர்னாவைப் பார்த்ததும் முதலில் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க." ஒரு படுக்கை விரிப்பை மார்போடு சேர்த்து மடித்தாள். "அன்னைக்கு முப்பதாவது அட்டைய அவரு படிச்சிட்டிருந்தாரு. எனக்கு அடுத்தது தெரியும். தண்ணி கொண்டு வாங்கப்பான்னு அனுப்பிட்டு எடுத்து ஒளிச்சேன்."

"நான் பண்ணது தப்பு, ஷிலோ கண்ணு. கை தவறினதுன்னு சொல்ல மாட்டேன். நீ இல்லாத நாளாப் பார்த்துத்தான் சொன்னேன். அவங்க சிரிச்சப்ப நானும் சிரிச்சேன்."

அந்தப் பெண் இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கையில் இருந்த துணிக் கவ்விகளைக் கூடைக்குள் போட்டாள். "வகுப்புல நடந்தத மார்த்தா சொன்னா. நீங்க சிரிச்சீங்கன்னு அவ சொல்லல."

"சிரிச்சேன்."

"பரீட்சைல அந்தக் கேள்வி வந்தா நான் தப்பாத்தான் போடுவேன், மிஸ் வெர்னா."

"சொந்தக் கதைய வச்சு விடை எழுதக் கூடாது, புத்தகம் என்ன சொல்லுதோ..." வழக்கமாக வகுப்பில் சொல்வது தானாகவே வாயில் வந்துவிட்டது. வந்ததும் பாதியில் நின்றுவிட்டாள்.

"உதாரணம் மட்டும் எங்க வீட்லேர்ந்து, விடை புத்தகத்துலேர்ந்தா?" ஷிலோ கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வகுப்புக்கு வரல. பரீட்சைக்கு வர்றேனான்னு தெரியல. அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. சத்தியமா?"

வெர்னா சத்தியம் செய்தாள். வண்டியைக் கிளப்பியபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சத்தியம் தனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது.

அடுத்த செவ்வாய் பிள்ளைகளிடமிருந்து எல்லாக் கட்டுகளையும் திரும்ப வாங்கினாள். "முப்பத்தொண்ணாவதுல நான் ஒரு மனுஷனக் கேவலப்படுத்திட்டேன். தப்பு என்னோடது. அந்த உதாரணத்த மறந்துருங்க" என்றாள். இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த வேறோர் உதாரணத்தையும் பலகையில் எழுதினாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கிடியன் இந்த முறை கையைத் தூக்கினான். முகம் சிவந்திருந்தது. "மறக்கணும்னுதான் பார்க்கிறேன், மிஸ் வெர்னா. அந்த வார்த்தையப் பார்த்தாலே அவருதான் வர்றாரு. என்ன செய்றது?"

பதினைந்து வருடமாக அவள் பெருமைப்பட்டுக்கொண்ட முறை அது. ஒருமுறை ஏற்றினால் இறங்காது. "உக்காரு" என்றாள்.

சனிக்கிழமை காலை, கல்லூரித் தேர்வு மையத்தின் வாசலில் ஆறு பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். ஒன்பதுக்குக் கதவை மூடிவிடுவார்கள். எட்டு ஐம்பதுக்கு டுவெயினின் பழைய டிரக் உள்ளே நுழைந்தது. ஷிலோ இறங்கி, யாரையும் பார்க்காமல் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். மார்த்தா பின்னால் நகர்ந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். டுவெயின் கடந்து போனபோது கிடியன் தொப்பியைக் கழற்றி, "குட் மார்னிங், சார்" என்றான். அளவுக்கு மிஞ்சிய மரியாதை.

"நல்ல பையன்" என்றான் டுவெயின், வெர்னாவின் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு. பிள்ளைகள் உள்ளே போனார்கள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

"நீங்க அந்த அட்டையத் தரல. மறந்துட்டீங்கன்னு நினைச்சேன், உங்களுக்கு ஆயிரம் வேலை. அதான் நூலகத்துக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு புத்தகம் எடுத்துக் கொடுத்தா. முப்பதுக்கும் முப்பத்திரெண்டுக்கும் நடுவுல என்ன பாடம் வருதுன்னு பார்த்து, நானே ஒண்ணு எழுதிட்டேன்." சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான். "சரியா இருக்கான்னு பாருங்க."

பெரிய பெரிய எழுத்து. நீலப் பேனா. எண் முப்பத்தொன்று, முதன்மை அடையாளம். விளக்கம் புத்தகத்தில் இருக்கிறபடியே, ஒரு பிழை இல்லாமல். மூலையில், மற்ற அட்டைகளில் இருப்பதுபோலவே, ஒரு பெயர்.

"உதாரணத்துக்கு ஒருத்தர் வேணுமே. படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு, யாரச் சொல்றாங்கன்னு. அதுக்கு ரொம்ப யோசிக்கத் தேவைப்படல." அவன் சும்மாதான் சொன்னான், வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல. "வர்ற வழில டிரக்குல வச்சு அவகிட்ட கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் பரீட்சைக்குன்னு வச்சிருந்த ரப்பர எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சுட்டா. பேனாம்மா, அழியாதும்மான்னு சொல்றேன், கேக்கவே இல்ல. பாலம் வர்ற வரைக்கும் தேய்ச்சா."

வெர்னா அட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். கைப்பைக்குள் இன்னோர் அட்டை இருந்தது. கை அதன் ஜிப்பைத் தேடியது. செய்துகொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் ஷிலோ கணினிக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் மவுஸைத் தொடவில்லை.

"சரியாத்தானே இருக்கு?" என்றான் டுவெயின்.

மூலையில் காகிதம் தேய்ந்து, நார் எழும்பி, வெயில் ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது. அதற்குள் நீல எழுத்து இன்னும் படிக்கிற மாதிரி இருந்தது.