ஸே குடிச்சாச்சா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலக்கியத்துக்காகப் பிறக்கவில்லை, கைக்கு வேலை வேண்டும் என்று பிறந்தது. சிகரெட்டை விட்டு இன்று பதினோராம் நாள். பதினொன்று! முன்பு இரண்டு தடவை விட்டுப் பார்த்தேன், பத்தைத் தாண்டியதில்லை. (விரல்கள் சிகரெட்டைத் தேடுகின்றன. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை இறக்கும் கார்த்திகேசன், புகையை விட்ட சோகத்தில் ஆற்றைப் பார்த்தபடி...'

வேண்டாம். ஆற்றைப் பார்ப்பவனை எனக்கே பிடிக்கவில்லை. என் மனைவி ராஜி எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"யாரு இந்த கோ கார்த்திகேசன்? உங்க இருமலையே இருமுறாரு?"

(பர்மாவில் ஆண்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் போடுவது 'கோ'.) ஆகவே அவனை நீக்கிவிட்டேன். இனி நான்தான்: தண்டபாணி, டியூஷன் வாத்தியார், தின்கன்ஜூன்.

3

இன்று காலை கரண்ட் இல்லை. பஸ் வரவில்லை. பிள்ளைகள் எழுதிய விடைகளில் ஒன்றுகூடச் சரியில்லை. தலைக்குள் கொதித்தது. டீக்கடைக்குப் போய் ஒரே ஒரு சிகரெட் வாங்கினேன். கயிற்றில் தொங்கிய லைட்டரைத் தொட்டதுமே பயந்துபோய், சிகரெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அடுப்படியிலிருந்து ராஜியின் குரல்: "ஸே குடிச்சாச்சா?"

"சத்தியமா இல்ல ராஜி! வாங்கினேன், பத்த வைக்கல!"

அவள் கேட்டது பிரஷர் மாத்திரையை.*

(* பர்மிய மொழியில் மருந்தும் ஸே, புகையிலையும் ஸே. எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு பர்மியம். மீதித் தமிழில் மாத்திரையையும் 'குடிக்கிறோம்', சிகரெட்டையும் 'குடிக்கிறோம்'. இரண்டு மொழியும் கூட்டுச் சேர்ந்து என்னைக் காட்டிக்கொடுத்தன!)

4

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகப் பற்ற வைத்திருப்பேன். மாத்திரையையும், என் பையிலிருந்து எடுத்த சிகரெட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டும் ஸேதான். நீங்களே பாத்து எடுங்க."

கண் கலங்கியிருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள்.

மாத்திரையை விழுங்கிவிட்டேன். சிகரெட் இன்னும் இருக்கிறது, இதோ, இந்தத் தாளை நோக்கி உருண்டு...

5

முடிவு அ: உடைத்துக் குப்பையில் போட்டேன். (பொய். பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.)

முடிவு ஆ: ராஜி திரும்பி வருவதற்குள் நான்

இல்லை! இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். ஆசை வந்தால் மூன்று நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், போய்விடும் என்றார் டாக்டர். இதைப் படிக்க உங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். நான் பற்ற வைக்கவில்லை, பார்த்தீர்களா!

அடுத்த ஆசை கிளம்பிவிட்டது. ராஜி வர இன்னும் நேரமிருக்கிறது. தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள். முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படியுங்கள்.