அருவிக்குப் போன வண்டி

நாத்தனார் அண்ணியும் அவர் கணவரும் வந்து இறங்கியதிலிருந்து அவளுக்கு வீடு வீடாக இல்லை. இந்தத் தூர ஊருக்குத் தொண்டு வேலைக்கு வந்தவர்களுக்குக் குழந்தைகள் சிகிச்சை நிலையம் கொடுத்திருந்ததே ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும்தான். கட்டில் விருந்தாளிகளுக்குப் போயிற்று. அவளும் கணவனும் அடுப்படியில் பாய் விரித்தார்கள். திரும்பிப் படுத்தால் காலில் சிலிண்டர் இடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஊர் சுற்றிக் காட்டுவதுதான் உயிரை வாங்கியது. கோட்டை, சந்தை, ஏரி என்று எதைக் காட்டினாலும் அண்ணி உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த ஏரியைப் பார்க்கவா ரெண்டு விமானம் மாறி வந்தோம்?"

அதனால் இன்றைக்கு அருவி. நிலையத்தில் அவள் பிசியோதெரபிஸ்ட். கணவன் பக்கத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நிலையத்துக்கு இருப்பது ஒரே வண்டி. மேலாளர் அதை விருந்தாளிகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பகல் உணவுக்கு முன்னால் திரும்பியாக வேண்டும் என்று அவள் கணவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அப்புறம் அதே வண்டி மலையடிவாரத்துக்குப் போய் ஒரு கைக்குழந்தையை அழைத்து வர வேண்டும். பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் வளைந்த குழந்தை. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாதத்தைத் திருப்பியாயிற்று. இன்று கடைசிக் கட்டு அவிழ்கிறது. அம்மாக்காரி காலையிலேயே குழந்தையின் காலை வெந்நீரில் ஊறவைத்துக் கட்டைப் பிரித்துவிடுவாள். உடனே பாதத்தை நேராக நிறுத்தி வைக்கும் பிடிப்புச் செருப்பு மாட்ட வேண்டும். வெறும் காலாக விட்டால் பாதம் பழைய பக்கமே திரும்பப் பார்க்கும்.

"அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ விடு" என்றிருந்தான் கணவன்.

அவன் சொல்லியிருந்த லட்சணம் அருவிக்குப் போனதும் தெரிந்தது. அண்ணியின் கணவர் ஒருமுறை குளித்தார், துவட்டினார், மறுபடியும் இறங்கினார். அண்ணி பாறை பாறையாக நின்று படம் எடுத்துக்கொண்டார். வெயில் உச்சி தாண்டிச் சாயத் தொடங்கிவிட்டது.

"கிளம்பலாமா அண்ணி?"

"இப்பத்தானே வந்தோம்? உனக்கென்ன, தினமும் பார்க்கிற அருவி."

அவள் இந்த அருவியைப் பார்ப்பதே இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கணவனைத் தேடினாள். அவன் தன் அக்கா கணவரின் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"சொன்னீங்களா, இல்லையா?"

"மெதுவா சொல்றேன்மா. ஆசையா குளிக்கிறாங்க."

ஓட்டுநரிடம் ஓடினாள். அவர் கைகட்டி நின்றார். விருந்தாளிகள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்பது மேலாளர் உத்தரவாம். "நீங்க எங்க ஆளும்மா, கோவிச்சுக்க மாட்டீங்க. அவங்க விருந்தாளி" என்றார் அந்த ஊர்ப் பேச்சில்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் அண்ணிக்கும் அருவிக்கும் நடுவே நின்றாள்.

"அண்ணி, வண்டியில ஏறுங்க. ஒரு குழந்தை கட்டைப் பிரிச்சுட்டு எனக்காகக் காத்திருக்கு. இந்த வண்டிக்காகத்தான் காத்திருக்கு."

"என்னம்மா இது, விரட்டுற மாதிரி..."

"ஆமா. விரட்டுறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் அண்ணியிடம் இப்படிப் பேசியதில்லை. அண்ணி விறுவிறுவென்று போய் ஏறினார், அவர் கணவரும் ஈரத் துண்டோடு பின்னால் ஏறினார். வண்டி நேரே குழந்தையை ஏற்றப் போனது.

மலையடிவாரத்தில் அம்மாக்காரி சாலையோரமே நின்றிருந்தாள். குழந்தை தோளில் தூங்கிப்போயிருந்தது. நிலையத்துக்கு வந்து, குழந்தையை மேசையில் கிடத்தி, அவள் செருப்பை எடுத்தாள். குதிகால் உள்ளே உட்காரவில்லை. மெல்ல அழுத்திப் பார்த்தாள். குழந்தை வீறிட்டது. பாதம் இறுகி, லேசாக உள்ளே வாங்கியிருந்தது. மறுபடி மாவுக்கட்டுதான்.

அண்ணி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இப்போது கேட்டு என்ன பயன்? அவளுக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. காலையிலேயே தானே சொல்லாமல் அவனை நம்பிய தன் மேலும்தான்.

"தண்ணி பிடிச்சிட்டு வாங்க" என்றாள் கணவனிடம். அவன் வாளியோடு ஓடினான்.

அம்மாக்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் ஊறவச்சதுல ஏதாவது தப்பாம்மா?"

அவள் செருப்பை ஓரமாக வைத்தாள்.

"இல்லம்மா. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. நாங்கதான் வரலை."

அம்மாக்காரி குழந்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், வாராவாரம் பிடிப்பதைப் போலவே. அவள் நனைத்த மாவுச்சுருளைப் பிரித்து முதல் சுற்றைச் சுற்ற ஆரம்பித்தாள்.