எட்டு மணிக்குக் கிளம்பியவள்

சேதுமாதவன் கண்டிஷன் போட்டால் எழுதித்தான் போடுவார். சவூதியில் யான்பு நகரத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் பத்தொன்பது வருஷமாக பிளானிங் இன்ஜினியர். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில் எந்த வால்வை எத்தனை மணிக்கு மூடுவது, எந்த போல்ட்டை எத்தனை மணிக்குக் கழற்றுவது என்று அட்டவணை போடுகிறவர். அப்படிப்பட்ட மனுஷர் வீட்டை மட்டும் சும்மா விடுவாரா? மனைவி சுசீலாவின் சைக்கிள் விஷயத்துக்கும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி வைத்தார். 'அல் உலா ரைடில் பின்னால் வரும் வேன் சுசீலாவை ஏற்றிக்கொண்டால் சைக்கிள் விற்கப்படும். ஏற்றிக்கொள்ளாவிட்டால் சேதுமாதவன் இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டான்.' கீழே இரண்டு பேர் கையெழுத்து. போடும்போது சுசீலா சிரித்த சிரிப்பு அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கண்டிஷனுக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் யான்பு கடற்கரைச் சாலையில் மணல் படிந்த ஒரு வளைவில் சுசீலா சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த மூன்றாவது வாரமே மறுபடி சைக்கிளை வெளியே எடுத்துவிட்டாள். அவளுக்கு வயது நாற்பத்தேழு. சைக்கிள் விடக் கற்றுக்கொண்டது நாற்பத்து மூன்றில். சேதுமாதவன் எலும்பு தேய்மானம் பற்றிப் பேசினார், லாரி டிரைவர்களின் தூக்கமின்மை பற்றிப் பேசினார், ஒருநாள் விபத்துப் புள்ளிவிவரம்கூடக் காட்டினார். உண்மையில் அவருக்குப் பயம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இத்தனை பேச்சும் மிச்சம்.

அல் உலா ரைடு என்பது அந்தப் பாலைவன ஊரில் ஒரு சைக்கிள் சங்கம் நடத்துவது. எண்பத்து நாலு கிலோமீட்டர். முதல் பாதி முழுக்கச் சிவப்புப் பாறைகளுக்கு நடுவே போகிற ரோடு. அப்புறம் ஐந்து கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம், மேலே மேட்டுநிலம், பிறகு இறக்கம். காலை ஏழரைக்குக் கொடி அசைப்பார்கள். கூட்டமாகக் கிளம்ப விருப்பமில்லாதவர்கள் எட்டு ஐந்து வரை தனியாகவும் கிளம்பலாம். எல்லோருக்கும் பின்னால் ஒரு வெள்ளை வேன் வரும். முடியாதவர்களையும் ஐந்து மணி நேரத்துக்குள் வராதவர்களையும் வாரிப் போட்டுக்கொள்கிற வேன்.

முதல் நாள் சாயங்காலம் ஹோட்டல் அறையில் சேதுமாதவன் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு சனிக்கிழமை, சுசீ."

"தெரியும். அதுக்கென்ன?"

"ராகு காலம் ஒன்பதுலேர்ந்து பத்தரை. நமக்கு இங்க ஆறரைலேர்ந்து எட்டு."

ஊர் நேரத்தில் இரண்டரை மணி கழித்துச் சவூதி ராகு காலத்தைக் கண்டுபிடிப்பது அவருடைய சொந்தக் கணக்கு. ராகு ஏன் இந்திய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு செங்கடல் பக்கம் வருகிறார் என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. ஆனாலும் கார் வாங்கியது, மகள் ஷ்ருதியைக் காலேஜில் சேர்க்கப் பணம் அனுப்பியது எல்லாம் அந்தக் கணக்குப்படிதான். அவ்வளவு ஏன், ஆலையின் அட்டவணையிலேயே திங்கட்கிழமை மட்டும் ஆறரைக்கு முன்னால் முக்கியமான வேலை எதுவும் தொடங்காது. காரணம் மேலதிகாரிகள் யாருக்கும் இன்றுவரை தெரியாது.

"எட்டு ஆனதும் கிளம்பு. எட்டு அஞ்சு வரைக்கும் விடறாங்கல்ல?" என்றார். "சைக்கிள்ல சிப் மாட்டியிருக்காங்க. நீ கோட்டைத் தாண்டினதும் உன் நேரம் ஓட ஆரம்பிக்கும். அஞ்சு மணி நேரம் முழுசா இருக்கு. நான் எல்லாம் பாத்துட்டேன்."

சுசீலா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க" என்றாள். உப்பு வாங்குவதற்குக்கூட மூன்று கேள்வி கேட்கிறவள் இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காலையில் இருநூறு பேர் ஒரே சத்தமாகக் கிளம்பிப் போனார்கள். சுசீலா மட்டும் நீல ஹெல்மெட்டோடு சைக்கிளில் சாய்ந்து நின்றாள். தடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அரை மணி நேரம் நின்றாள், ஒரு முணுமுணுப்பு இல்லை. எட்டு ஆனதும் சேதுமாதவன் தலையாட்டினார். பெடலை மிதித்துப் போய்விட்டாள்.

அவர் வேறு ரோடு வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு ஏற்றத்தின் உச்சிக்குப் போனார். பார்க்க வந்தவர்களின் கார்களை அங்கேதான் விட்டார்கள். தண்ணீரும் பேரீச்சம்பழமும் வைத்த மேசைக்குப் பொறுப்பு ஃபவாஸ் என்ற உள்ளூர் இளைஞன். அரை உருதுவும் அரை ஆங்கிலமுமாக நன்றாகப் பேசினான், காவா என்கிற அரபுக் காப்பி ஊற்றிக் கொடுத்தான். பத்தே முக்காலுக்கு அவன் காலிப் பாட்டில்களை மூட்டை கட்ட ஆரம்பித்ததும் சேதுமாதவன் என்னவென்று கேட்டார்.

"பதினோரு மணிக்கு இந்த இடம் மூடல். பன்னிரண்டரைக்கு முடிவுக் கோடும் கலாஸ்."

"என் மனைவிக்கு ஒரு மணி வரை இருக்கிறதே? எட்டுக்குத்தானே கிளம்பினாள்?"

"சிப் ரிசல்ட் போடுவதற்கு மட்டும்தான், அங்கிள். மூடுகிற நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடி அசைத்ததிலிருந்து ஐந்து மணி நேரம்." பிறகு சாதாரணமாகக் கேட்டான். "ஏன் எட்டுக்குக் கிளம்பினார்கள்?"

"டயர் பஞ்சர்" என்றார் சேதுமாதவன்.

அட்டவணை போடுகிறவர்களிடம் ஃப்ளோட் என்று ஒரு சொல் உண்டு. ஒரு வேலைக்குக் கையிருப்பாக வைக்கிற நேரம். சுசீலாவிடம் இருந்தது மொத்தமே அரை மணி நேர ஃப்ளோட், அதைத் தூக்கி அவர் ராகுவிடம் கொடுத்துவிட்டார். அவள் தோற்றால் சைக்கிள் போய்விடும். நேற்று வரை அவர் வேண்டிக்கொண்டதும் அதைத்தான். இப்போது அது நடக்கப் போகிறது என்றதும் தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

தடுப்புச் சுவரிடம் போய்க் கீழே பார்த்தார். செம்மண்ணைப் பிசைந்து நிறுத்தினது போல் மலைகள். அவற்றுக்கிடையே ரோடு மடங்கி மடங்கி ஏறி வந்தது. மூன்றாவது மடிப்பில் இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்குக் கீழே ஒரு நீல ஹெல்மெட். அதற்கு நூறடி பின்னால் வெள்ளை வேன், கூரை மேல் ஏற்கெனவே நாலு சைக்கிள்.

வீட்டு வாசலில் அவள் கிளம்புவதையும் திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறாரே தவிர, அவள் ஓட்டுவதை நின்று பார்த்ததே இல்லை. இப்போதுதான் பார்த்தார். அவள் எழுந்து நின்று மிதிக்கவில்லை, தள்ளாடவில்லை. மாவு ஆட்டுகிற நிதானத்தோடு ஒவ்வொரு மிதியாக ஏறி வந்தாள். நடந்துகொண்டிருந்த இருவரையும் தாண்டினாள். வேன் அவர்களிடம் நின்றது, இருவரும் ஏறிக்கொண்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்து மூன்று வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியும் இவளை எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டார்.

பத்து ஐம்பத்தாறுக்கு உச்சிக்கு வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பாட்டிலை நிரப்பினாள், இரண்டு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

"சுசீ, அந்த நேரக் கணக்குல நான் ஒரு தப்பு…"

"அப்புறம் பேசலாங்க" என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் இறங்கிப் போனாள். ஃபவாஸ் மேசையை மடக்கி வேனில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டான்.

முடிவுக் கோட்டில் சேதுமாதவன் படாத பாடு பட்டார். பன்னிரண்டரைக்கு மைக் ஓய்ந்தது. காற்றடைத்த பெரிய வளைவின் மோட்டாரை நிறுத்தப் போனவர்களிடம் பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினார். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவர், அன்று கையைக்கூடப் பிடித்தார். அவர்கள் மரியாதையாகத்தான் மறுத்தார்கள். வளைவு உஸ்ஸென்று சரிந்தது. ரோட்டில் பூசிய வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சியது. அதன் ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குச் சுசீலா வந்தாள். பின்னாலேயே வேன். கோட்டைத் தாண்டிக் காலை ஊன்றினாள். சேதுமாதவன் தனியாளாகக் கை தட்டினார். வேனிலிருந்து குதித்த ஃபவாஸும் சேர்ந்து தட்டினான்.

"நாலு தடவை நிறுத்திக் கதவைத் திறந்தேன், அங்கிள். பன்னிரண்டரைக்கு அப்புறம் ஏறித்தான் ஆக வேண்டும் என்றுகூடச் சொன்னேன். நாலு தடவையும் ஷுக்ரன் என்று நன்றி சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே போனார்கள்."

"பஞ்சர் எல்லாம் இல்ல தம்பி" என்று சேதுமாதவன் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டு, பிறகு அவனுக்குப் புரிகிற மொழிக்கு மாறினார். "நான்தான் அவளை அரை மணி நேரம் நிற்க வைத்தேன். தப்பு என்னுடையது. அவள் இந்த எண்பத்து நாலு கிலோமீட்டரை நாலு மணி நாற்பத்தோரு நிமிஷத்தில் ஓட்டியிருக்கிறாள். ரிசல்ட்டில் அதைச் சரியாகப் போடச் சொல்."

பத்தொன்பது வருஷத்தில் ஓர் அட்டவணை தப்பென்று அவர் வெளியாள் முன்னால் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஃபவாஸ் போனதும் மனைவி பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் ஒரே நேரம்தான்னு உனக்குத் தெரியாதா? ரூல்ஸ் படிக்கலையா?"

"ரெண்டு தடவை படிச்சேன். நாலாவது பக்கத்துல இருக்கு."

"தெரிஞ்சுமா நின்ன? சொல்லியிருக்கலாம்ல?"

சுசீலா கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டுத் தழும்பு வேர்வையில் பளபளத்தது. "ஏழரைக்குக் கிளம்பியிருந்தா நீங்க அந்த மலை ரோட்டுல எனக்கு என்னாச்சோ ஏதாச்சோன்னு நடுங்கிக்கிட்டே கார் ஓட்டியிருப்பீங்க. என்கிட்ட அரை மணி நேரம் மிச்சம் இருக்கும்னு நெனச்சேன். குடுத்தேன். பதினோரு நிமிஷம் பத்தாமப் போச்சு."

"வேன்ல ஏறலையே நீ?" என்றார்.

"ஏறலை."

"அப்ப நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன்."

"பாக்கலாம்" என்று சொல்லிக் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அவர் காரின் பின்கதவைத் திறந்து சைக்கிளை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. "ஹோட்டல் ஒன்பது கிலோமீட்டர்தானே. ஓட்டிக்கிட்டே வந்துடறேன்."

வாய் வரைக்கும் ஏதோ வந்தது. விழுங்கிவிட்டுக் காரில் ஏறி, நாலு பக்க விளக்கையும் மினுக்க விட்டு, அவளுக்குப் பின்னால் மெதுவாக ஓட்டினார். சிவப்புப் பாறைகளுக்கு நடுவே அந்த ரோடு அங்கே குறுகலாகத்தான் இருந்தது. ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு ஹாரனை அழுத்தியது. சேதுமாதவன் ஒதுங்கவில்லை. லாரிக்காரர் பொறுமையிழந்து எதிர்ப்புறம் ஏறிக் காருக்குப் பக்கத்தில் வந்து, "என்ன ஆச்சு பாய்?" என்று ஹிந்தியில் கத்தினார்.

சேதுமாதவன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "முன்னாடி போறது என் மனைவி" என்றார் அவரும் ஹிந்தியிலேயே. "காலையிலேர்ந்து எண்பத்து நாலு கிலோமீட்டர் ஓட்டியிருக்கா, அந்த மலை மேல ஏறி இறங்கி. அவ எந்த வேகத்துல போறாளோ அந்த வேகத்துலதான் நாம போறோம்."

லாரிக்காரர் எட்டி நீல ஹெல்மெட்டைப் பார்த்தார், அப்புறம் தூரத்து மலையைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்துக் காருக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்.