சட்டையைக் கழற்ற மறுத்தவர்

1
இந்தக் கதை நான் சொறிந்துகொண்டிருந்தபோது கிடைத்தது. இதில் என்ன வெட்கம்? என் முழங்கையில் பதினோரு வருஷமாகத் தோல் தடித்துச் செதிள் உதிர்கிறது. மயிலாப்பூரில் டாக்டர் லியோனார்டின் பெஞ்சில், பத்துப் பேர் எதிரில் சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மட்டும் கழற்ற மாட்டேன் என்றார்.

2
முதலில் எழுதிய ஆரம்பம்: ‘திருவல்லிக்கேணியில் அத்தர் கடை வைத்திருந்த ஷாஹுல் ஹமீது, பாசத்தின் சிகரமான…’

சே! அடித்துவிட்டேன். நடந்ததையே எழுதுகிறேன். பக்கத்தில் இருந்த அந்த ஷாஹுல் ஹமீது டாக்டரிடம் சொன்னது:

“முழங்கையிலயும் முதுகுலயும் ஆறு வருசமா நமச்சல் டாக்டர். தூக்கமே கெடையாது.”

“காட்டுங்க.”

“சொன்னாப் போதாதா?”

“தோலைப் பாக்காம எந்த மருந்தைக் குடுக்கறது பாய்?”

கடைசியில் சட்டை கழன்றது. உடம்பு பளபளவென்று இருந்தது. பெஞ்சே சிரித்தது. நானும்தான்.

“எனக்கில்ல சார்,” என்றார், எனக்கும் டாக்டருக்கும் மட்டும் கேட்கும்படி. “தங்கச்சி சகினாவுக்கு. அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க. விசயம் வெளிய போச்சுன்னா அவ்ளோதான்.”

(எனக்குக் கல்யாணமானபோதும் இதே நோய்தான். முழங்கையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. உத்தியோகத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.)

3
டாக்டரைப் பெண்ணாக்கிவிடலாமா என்று பார்த்தேன். ஆண் டாக்டரிடம் சகினா தோலைக் காட்டவேண்டிய சிக்கல் சட்டென்று தீரும், ஆனால் அது ஏமாற்று. சகினா வீட்டுக்குத் தெரிந்த லேடி டாக்டர் பிரசவத்துக்கு மட்டும்தான்.

அண்ணனிடமே களிம்பு கொடுத்தனுப்பி ஒரு முடிவும் எழுதினேன். படித்தால் எரிச்சலாக வந்தது. இத்தனை எழுதியும் சகினா ஒரு வார்த்தை பேசவில்லை! அண்ணனைப் பார்த்துச் சிரித்த மடையன் நானும் அவரைப்போலவே அவளுக்குப் பதிலாகப் பேசியிருக்கிறேன்.

4
“நாளைக்குக் காலைல, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்க,” என்றார் டாக்டர். “என் சம்சாரமும் கூட இருப்பாங்க.”

இதுவரை கண்டது. இனி கற்பனை.

சகினா வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு டாக்டர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எத்தினி வருசமா இருக்கும்மா?” என்றார் டாக்டர்.

“ஆறு—” என்றார் அண்ணன்.

“ஒம்போது,” என்றாள் சகினா. “நீங்க சும்மா இருங்கண்ணே. படறவ நானு.”

அப்பாடா, பேசிவிட்டாள்! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதா, மறைப்பதா? அதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். ஆனால் அவளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.