ஓடாத தரையில் ஒற்றைக் காலில்

ஈர்ப்பு விசை எல்லோருக்கும் பொதுவானது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் என் மாமா கண்டக்டராக இருக்கும் பஸ்ஸில் ஏறியதில்லை. வளைவில் மொத்தக் கூட்டமும் ஒருபக்கமாகச் சரியும்போது அவர் மட்டும் எதையும் பிடிக்காமல், தரையில் நட்டுவைத்த கம்பம் போல் நின்று சில்லறை எண்ணுவார். "பிடிச்சு நிக்கிறவன் பயணி, நிக்கிறவன்தான் கண்டக்டர்" என்பது அவர் கொள்கை. அம்மாவின் தம்பி. கல்லூரிக்குப் பக்கம் என்பதால் அவர் வீட்டில் தங்கியிருக்கிறேன். கொள்கையைத் தினமும் கேட்பதுதான் வாடகை.

அப்படிப்பட்டவர், நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது கணுக்காலை மடக்கிக்கொண்டார். அதுவும் அந்த வருடத்தில் மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: சூடான எண்ணெயை வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போவது.

"வீங்கின இடத்துல போய்த் தேய்க்கறீங்களே! ஐஸைத் துணியில சுத்தி வையுங்க, காலைத் தலையணை மேல தூக்கி வையுங்க" என்றாள் அத்தை.

"எனக்கு என்ன பிரசவமா ஆயிருக்கு?" என்றார் மாமா.

இந்தத் தடவை டிப்போ மருத்துவர் விடவில்லை. எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு முறியவில்லை, கணுக்காலின் வெளிப்பக்கத்துத் தசைநார் கிழிந்திருந்தது. தேறும்வரை பாஸ் கொடுக்கும் கவுன்டரில் உட்கார வேண்டும், ஒரு மாதம் கழித்துச் சோதனை, அதில் தேறாவிட்டால் கவுன்டரே நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாமாவுக்கு அது தூக்குத் தண்டனை மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்து பாஸ் கொடுப்பவரைக் கண்டக்டர் என்று யார் சொல்வார்கள்?

வீக்கம் வடிந்ததும் பிசியோதெரபி பெண்ணிடம் அழைத்துப் போனேன். என் வயதுதான் இருக்கும். மாமா உள்ளே நுழையும்போதே, "வலியே இல்லம்மா, ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடு" என்றார்.

"சரி சார். இடது கால்ல மட்டும் நின்னு, கண்ணை மூடுங்க."

நின்றார். கம்பம்.

"இப்ப வலது கால்ல."

கண்ணை மூடினார். மூடிய உடனே மேஜையைப் பிடித்துக்கொண்டார். "ஷூ வழுக்குது" என்றார். ஷூவைக் கழற்றச் சொன்னாள். இந்தத் தடவை என்னைப் பிடித்துக்கொண்டார். ஓடும் பஸ்ஸில் விழாத மனிதர், ஓடாத தரையில் விழப் பார்த்தார்.

"வலி போனா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல சார். காலை எப்படி வச்சிருக்கோம்னு மூளைக்குச் சொல்றது அந்தத் தசைநாரும்தான். அது கிழிஞ்சா சேதி ஒழுங்காப் போகாது. அதான் திரும்பத் திரும்ப மடங்குது. பழக்கித்தான் கொண்டுவரணும்" என்றாள். பிறகு பயிற்சிகளைச் சொன்னாள். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, அப்புறம் உட்கார்ந்தபடி காலைத் தூக்கிக் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ என்று எழுதுவது. தினமும் காலையும் மாலையும்.

மாமா வாசலுக்கு வந்த பிறகுதான் சிரித்தார். "பாத்தியாடா? முப்பது வருஷமா கையால டிக்கெட் கிழிச்சவனைக் காலால பரீட்சை எழுதச் சொல்றா. இதை யாரு திருத்துவா?"

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்தால், "ஒண்ணாங்கிளாஸ்ல சேத்திருக்காங்க சார், கால் மட்டும் போயிட்டு வருது" என்பார். அத்தை ஞாபகப்படுத்தினால், "கால் இன்னிக்கு லீவு" என்பார். மாதம் முழுக்கக் கால் லீவில்தான் இருந்தது.

சோதனைக்கு முந்தைய மாலை, என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"டேய், மொத்தம் எத்தனை எழுத்து?"

"எதுல மாமா?"

"தமிழ்லதான்டா."

"இருநூத்து நாப்பத்தேழு."

"உக்காரு. விட்டதையெல்லாம் இப்பவே முடிச்சிடலாம்."

பரீட்சைக்கு முந்தைய நாள் மொத்தப் பாடத்தையும் விழுங்குவதில் எனக்கு இருக்கும் அனுபவம் அலாதியானது. எனவே நான் தடுக்கவில்லை. எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். உயிரெழுத்துகளைக் கம்பீரமாகக் கடந்தார். ககர வரிசையில் வியர்த்தது. ஙௌ என்ற எழுத்தை உலகில் எவராவது உபயோகித்திருந்தால் அது அன்று என் மாமாவின் கட்டைவிரல்தான். ஞகரத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொன்னேன். "பாதியில இறங்கறவன் இல்ல நான்" என்று னௌ வரை போய்ச் சேர்ந்தார்.

காலையில் கணுக்கால் எலும்பைக் காணவில்லை. வீக்கம் மூடியிருந்தது.

மருத்துவர் சோதிக்கக்கூட இல்லை. காலைப் பார்த்தார், இன்னொரு மாதம் என்றார், அதுதான் கடைசி என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை எதுவும் கேட்காமல் ஐஸைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். மாமா காலைத் தலையணை மேல் தானாகவே தூக்கி வைத்தார். அதுவே எங்களைப் பயமுறுத்தியது.

"ஒரு வேளைக்குப் பத்துப் பன்னெண்டு எழுத்து, மெதுவா எழுதுங்கன்னுதான் அந்தப் பொண்ணு சொல்லியிருக்கும்" என்றாள் அத்தை. "ஒரு மாசச் சாப்பாட்டை ஒரே நாள்ல சாப்பிடுவீங்களா?"

மாமா ஐஸைக் கணுக்கால் மேல் நகர்த்தி வைத்துக்கொண்டார். அவள் போனதும் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கண்ணை மூடினா கால் எங்க இருக்குன்னே தெரியலடா. இருக்குன்னு தெரியுது. எங்கன்னு தெரியல. இத்தனை நாள் நானா நின்னேன்னு நினைச்சேன். அந்தக் கால்தான் என்னை நிறுத்தியிருக்கு."

எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் இது அரிது.

பத்து நாள் கழித்து அத்தை கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். கவுன்டரின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் இருந்த ஒருவர், "என்ன கண்டக்டரே, எப்ப பஸ்ஸுக்கு வர்றீங்க? காலுக்கு ஏதாவது பயிற்சி பண்றீங்களா?" என்று கேட்டார்.

"பயிற்சியா? அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு" என்றார் மாமா, பாஸில் முத்திரை குத்தியபடி.

மேஜைக்கு அடியில் ஷூ தனியாகக் கிடந்தது. வலது கால் தரையிலிருந்து சற்றே உயர்ந்து, காற்றில் ஓர் ஓகாரத்தைச் சுழித்து முடித்தது. கொஞ்சம் ஓய்வெடுத்தது. பிறகு அவசரமே இல்லாமல் ஔகாரத்தைத் தொடங்கியது.

கட்டைவிரல் ஃ-க்கு மூன்றாவது புள்ளியை வைக்கும்வரை நான் கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தேன்.